தள்ளாடும் கம்பெனியின் சப்ரஸரை வாங்கலாமா?

துப்பாக்கி முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் உருளைதான் சப்ரஸர். அதைச் செய்யும் ஒரு கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது, சப்ளையர்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், அமெரிக்க டீலர் கடைகளில் அதன் சரக்கு விலை இறங்க ஆரம்பித்துவிடும். 900 டாலர் பொருள் 600க்குக் கிடைத்தால் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். அதே அலமாரியில் வலுவான கம்பெனியின் பொருள் முழு விலையில் இருக்கிறது. எதை எடுப்பது?

டிவி வாங்குகிறவர் கம்பெனி மூடினாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை, உதிரி பாகம் எங்காவது கிடைத்துவிடும். சப்ரஸரில் அது நடக்காது. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஒவ்வொரு சப்ரஸரும் அதன் வரிசை எண்ணோடு, துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறையில் உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கும் ஃபார்ம் 4 விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது, ஆனால் பதிவு அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம், உள்ளே இருந்து சத்தத்தை அடக்கும் ஒரு பாஃபிள் தகடுகூடச் சட்டத்தின் கண்ணில் தனி சப்ரஸர்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒன்றை வாங்கி வைத்தாலே குற்றம். ஆகவே ரிப்பேர் என்றால் உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடம்தான் போக வேண்டும், பெரும்பாலும் செய்த கம்பெனியிடமே.

அப்படியானால் பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஏஏசி கதையைத் தெரிந்தவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டார்கள். அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் என்ற அந்த நிறுவனம் ஒரு காலத்தில் இந்தத் துறையின் முன்னோடி. .300 பிளாக்அவுட் தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2009இல் ரெமிங்டன் குழுமத்தின் கைக்குப் போனது. 1816இல் தொடங்கிய ரெமிங்டனைவிடப் பாதுகாப்பான முதலாளி கிடைப்பாரா என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்கலாம். அதே ரெமிங்டன் 2018இல் ஒருமுறை, 2020இல் மறுமுறை திவால் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டாம் முறை துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, ஏஏசி பெயர் பால்மெட்டோ ஸ்டேட் ஆர்மரியின் தாய் நிறுவனமான ஜேஜேஇ கேபிட்டலிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் பிழைத்துக்கொண்டது. ஆனால் இப்படித் திவாலில் சொத்தை வாங்குகிற புதிய முதலாளி, பழைய முதலாளி எழுதிக்கொடுத்த வாரண்டியைப் பொதுவாகத் தானாகவே ஏற்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. ஆயுட்கால வாரண்டி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறதே, அந்த ஆயுள் கம்பெனியின் ஆயுள்.

அதனால் கம்பெனியின் அளவை விட்டுவிட்டு, பணம் எங்கே நிற்கிறது, பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்ற இரண்டையும் பார்ப்பதுதான் சரி என்பது என் கட்சி.

முதலில் பணம். தள்ளாடும் கம்பெனியின் பொருளிலேயே இரண்டு வகை வாங்கல் இருக்கிறது. ஒன்று, டீலரின் பெட்டகத்தில் இப்போதே இருக்கும் சப்ரஸர். அது உரிமதாரர்களுக்கிடையே கைமாற்றும் ஃபார்ம் 3 மூலம் டீலர் பெயருக்கு வந்துவிட்டது. உங்கள் ஃபார்ம் 4இல் அதன் வரிசை எண்தான் ஏறும். நாளைக்கே தயாரிப்பாளர் கதவை அடைத்தாலும் அந்த அனுமதி தடைபடாது. மற்றொன்று, கம்பெனிக்கே முன்பணம் கட்டி இனிமேல் செய்யப்போகும் பொருளுக்குக் காத்திருப்பது. கம்பெனி திவாலானால் பாக்கி வர வேண்டியவர்கள் வரிசையில் நீங்களும் ஓர் ஆள். வாடிக்கையாளர் முன்பணத்துக்குச் சட்டத்தில் ஒரு வரம்புவரை முன்னுரிமை உண்டு என்றாலும், அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கி எடுத்ததுபோக மீதி இருந்தால்தான் அந்தப் பேச்சு. விலை பாதி என்றாலும் இந்த இரண்டாம் வகையைத் தொடாதீர்கள். கட்டாயம் வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு எழுப்பவாவது வழி இருக்கும்.

இனி பொருள். இங்கேதான் .22 என்ற சிறிய தோட்டாவின் சப்ரஸருக்கும் ரைஃபிள் சப்ரஸருக்கும் வழி பிரிகிறது. சில நூறு ரவுண்டு போன ஒரு .22 கேனை (சப்ரஸரைப் பேச்சுவழக்கில் கேன் என்பார்கள்) திறந்து பாருங்கள். பாஃபிள்கள்மேல் சாம்பல் நிறத்தில் ஈயமும் கரியும் கெட்டியாக அப்பியிருக்கும், ஒன்றை ஒன்றிலிருந்து கழற்றக் கட்டைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும். திரும்பத் திரும்பக் கழற்றி, சுரண்டி, மாட்டும்போது விளிம்பு நசுங்கலாம், மரை தேயலாம். அப்போது தேவைப்படுவது அதே அளவிலான ஒரு பாஃபிள், அதைச் சட்டப்படி போட்டுத்தர ஒரு கம்பெனி. ஆகவே .22க்கு 150 டாலர் அதிகம் ஆனாலும் நிலையான கம்பெனியைத்தான் சொல்வேன். ஜெம்டெக் மாதிரி, 2017இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வாங்கிய பெயர்களுக்கு இந்த இடத்தில் மதிப்பு இருக்கிறது.

ரைஃபிள் கேன் வேறு கதை. இன்கனல், ஸ்டெலைட், டைட்டானியம் என்று உறுதியான உலோகங்களைப் பற்றவைத்து ஒரே துண்டாகச் செய்தவற்றில் நீங்கள் மாற்றும்படி எதுவுமே இல்லை. சராசரியாகச் சுடுகிறவர் அதைத் தேய்த்துத் தீர்ப்பது கடினம். பயப்பட வேண்டியது பாஃபிளில் குண்டு உரசுவதுதான். துப்பாக்கிக் குழலின் மரை கோணலாக இருந்தாலோ, சப்ரஸரைத் துப்பாக்கியோடு இணைக்கும் மவுண்ட் தளர்ந்திருந்தாலோ அது நடக்கும், பெரும்பாலும் பொருளின் குறையே இல்லை. முதல் ரவுண்டுக்கு முன் குழலுக்குள் அளவுக்கம்பி விட்டு, கம்பி சப்ரஸரின் முனைத்துளைக்கு நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெளிக்குழாய் கொண்ட பழைய பாணிக் கேன், குழாய் இல்லாமல் பாஃபிள்களையே பற்றவைத்த புதிய பாணியைவிடக் கம்பெனி மூடி அநாதையானாலும் சமாளிக்கும். வரிசை எண் குழாயில் இருப்பதால், உரிமம் உள்ள வேறொரு உற்பத்தியாளர் உள்ளே இருப்பதை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட்டுத்தர முடியும். குழாய் இல்லாததில் எண்ணே பாஃபிள் அடுக்கின் மேல் இருக்கிறது. அதை மாற்றினால் சட்டப்படி அது புது சப்ரஸர்.

மவுண்ட்டையும் பாருங்கள். பின்பக்கம் 1.375 அங்குல, அங்குலத்துக்கு 24 மரை கொண்ட ஹப் என்ற பொது அளவு இருந்தால், அதே அளவில் எந்தக் கம்பெனி செய்த மவுண்ட்டும் மாட்டும். ஏஏசியின் 51டி போலத் தனக்கென்று பூட்டு வைத்த கேன் என்றால் ஒவ்வொரு துப்பாக்கி முனையிலும் அந்தக் கம்பெனியின் மவுண்ட்தான் வேண்டும். நல்லவேளையாக மவுண்ட்டுக்குப் பதிவு தேவையில்லை, கம்பெனி இருக்கும்போதே இரண்டு மூன்று கூடுதலாக வாங்கிப் போடலாம்.

மறுவிற்பனையை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். நல்ல கம்பெனியின் பழைய கேனுக்கும் பெரிய விலை வராது, வாங்குகிறவரும் அதே ஃபார்ம் 4 வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ சப்ரஸரோ வைத்திருக்கக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் யாருக்குமே சப்ரஸர் வைத்திருக்க அனுமதி இல்லை.

சரி, 600 டாலரா 900 டாலரா? டீலர் கையில் இருப்பது, பற்றவைத்த ரைஃபிள் கேன், ஹப் மரை, இந்த மூன்றும் சேர்ந்தால் தள்ளாடும் கம்பெனியின் பொருளையே தயங்காமல் எடுப்பேன், மிச்சமான 300 டாலரில் ஒரு நல்ல மவுண்ட்டும் அளவுக்கம்பியும் வாங்குவேன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் முழு விலையைக் கொடுத்து மற்றதை எடுப்பேன்.