பிளாகரா, வேர்ட்பிரஸா, யூடியூபா: வீட்டிலிருந்து சமையல் பதிவு தொடங்க எது தோது?

மதுரையில் இருக்கும் என் சித்தி இருபது வருடமாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பொடி அரைத்துக் கொடுக்கிறார். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, தீபாவளிக்கு லேகியம், சித்திரை வெயிலில் கூழ் வடகம். போன மாதம் போனில் கேட்டார்: "ஏம்மா, பிளாக்குல எழுதிப் போட்டா காசு வருமாமே? தம்பி யூடியூப்புங்கிறான். எது நல்லது?" நான் ஒன்பது வருடமாகச் சமையல் பதிவு எழுதுகிறேன் என்பதால் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் எந்தத் தளம் என்பதிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. எனக்கு அது இரண்டாவது கேள்வி. காசு கொடுக்கப் போவது யார் என்பதுதான் முதல் கேள்வி. விளம்பரம் தருபவரா, கமிஷன் தரும் கடையா, உங்கள் பொடியை வாங்கும் வாசகரா? அதை முடிவு செய்துவிட்டால் தளத்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையில்லை.

விளம்பரமா, கமிஷனா, சொந்தச் சரக்கா

நம் பக்கத்தில் விளம்பரம் காட்டி அதற்குப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2003 இல் வந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டது 2018 பிப்ரவரியில்தான். இன்று உருப்படியான பதிவுகள் கொஞ்சம் இருந்தால் விண்ணப்பிக்கலாம், கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தின் விலை ஏலத்தில் முடிவாகிறது. அமெரிக்காவில் ஆங்கிலப் பக்கம் படிப்பவருக்காக நிறுவனங்கள் கேட்கும் விலை வேறு, திண்டுக்கல்லில் தமிழ்ப் பக்கம் படிப்பவருக்காகக் கேட்கும் விலை வேறு. நம்முடையது மிகக் குறைவு. சிங்கப்பூர், கனடா, லண்டன் தமிழர்கள் படித்தால் கொஞ்சம் ஏறும். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணம் அனுப்பும். அதற்கு இரண்டு லட்சம் பார்வை வேண்டும். ஒரே மாதத்தில் அது நடக்க வேண்டுமென்றால் தினமும் 6,600 பேருக்கு மேல் வர வேண்டும். எனக்கு முதல் இரண்டு வருடத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

இன்னொரு விஷயம், இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் எண்ணை அஞ்சலில் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியவில்லை என்றால் விளம்பரம் நின்றுவிடும். அதனால் முகவரியை உங்கள் தபால்காரருக்குத் தெரிந்த மாதிரி எழுதுங்கள். பழைய கதவு எண், புதிய கதவு எண், தெருமுனைக் கோயிலின் பெயர் எல்லாம் இருக்கட்டும். பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்க வேண்டும். நான் பழைய எண்ணை விட்டுவிட்டேன், முதல் கடிதம் வந்து சேரவேயில்லை.

கமிஷன் என்பது அமேசான் போன்ற கடைகளின் பொருளுக்கு இணைப்பு கொடுத்து, அதன் வழியாக யாராவது வாங்கினால் ஒரு பங்கு பெறுவது. அமேசானில் பொதுவாக அந்த இணைப்பைத் தொட்ட 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும். சாம்பார் பொடி செய்முறை படிக்க வருபவர் மிக்ஸி வாங்க வரவில்லை. அந்தப் பக்கத்தில் எத்தனை இணைப்பு வைத்தாலும் பயனில்லை. 'இரும்பு தோசைக்கல்லைப் பழக்குவது எப்படி' என்று எழுதினால் நிலைமை வேறு, அதைப் படிப்பவர் கல் வாங்கும் யோசனையில் இருப்பவர். எதுவானாலும் கமிஷன் வருகிறது என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 ஜனவரி வழிகாட்டுதலும் அதைத்தான் கேட்கிறது. வாசகருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதையும் அதுதான்.

மூன்றாவது, சொந்தச் சரக்கு. டாலருக்கு 85 ரூபாய் என்று கொண்டால் அந்த 100 டாலர் என்பது 8,500 ரூபாய். ஒரு பாக்கெட் பொடியில் எல்லாச் செலவும் போக 100 ரூபாய் கையில் நிற்கும் என்றால், 85 பாக்கெட் விற்றால் போதும். முகம் தெரியாத இரண்டு லட்சம் பேர் வேண்டியதில்லை. "இவர் சொன்ன அளவில் செய்தேன், சரியாக வந்தது" என்று நம்பும் 85 பேர் போதும். சித்தியைப் போல ஏற்கெனவே கைமணம் உள்ளவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதிலும் வேலை உண்டு. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு வேண்டும். பாக்கெட்டில் பொருட்களின் பட்டியல், எடை, தயாரித்த தேதி, பதிவு எண் எல்லாம் அச்சாக வேண்டும். பெங்களூருவிலிருந்து ஒருவர் கேட்டார் என்று கூரியரில் போடும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி பதிவு எடுக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புவது நிம்மதி.

பிளாகரும் வேர்ட்பிரஸும்

பிளாகர் 1999 இல் தொடங்கியது, 2003 இல் கூகுள் வாங்கியது. தமிழ்மணம் திரட்டி 2004 இல் வந்து பதிவர்களை ஒரே இடத்தில் காட்டத் தொடங்கிய காலத்தில் பலர் பிளாகரில்தான் எழுதினார்கள். இன்றும் அது இலவசம். பதிவை இணையத்தில் வைக்கும் இடத்துக்கு (ஹோஸ்டிங்) வாடகை இல்லை, அப்டேட் செய்யும் வேலை இல்லை, யாராவது உள்ளே புகுந்து கெடுத்துவிடுவார்களோ என்ற பயமும் குறைவு. மாவு அரைத்துக்கொண்டே நிர்வகிக்கலாம். குறை என்னவென்றால், பல வருடமாகப் பெரிய முன்னேற்றம் எதுவும் இல்லை. பார்க்கப் பழையதாக இருக்கிறது, முழுமையான கடை வைக்க முடியாது.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்: தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாகர் அந்தப் பக்கத்துக்கு 'பிளாக்-போஸ்ட்_14' என்பது போல ஒரு முகவரி கொடுத்துவிடும். வெளியிடும் முன், முகவரியை அமைக்கும் பெர்மாலிங்க் பகுதிக்குப் போய் ஆங்கில எழுத்தில் நீங்களே ஒன்று எழுதுங்கள். வேர்ட்பிரஸில் இதற்கு நேர்மாறு. தமிழ்த் தலைப்பே முகவரியாகிவிடும், ஆனால் அதை வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளாக நாலு வரிக்கு நீளும். மருந்து இரண்டுக்கும் ஒன்றுதான்.

வேர்ட்பிரஸ் 2003 இல் வந்த மென்பொருள். மென்பொருள் இலவசம், அதை வைக்கும் இடத்துக்குத்தான் வாடகை. இங்கே கவனம் வேண்டும். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் இவ்வளவுதான் என்று விளம்பரத்தில் போடுவார்கள், புதுப்பிக்கும்போது அந்த விலை இருக்காது. எனக்கு ஒரு நிறுவனம் புதுப்பிக்கும் வேளையில் முதல் தொகையைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கேட்டது. பதிவுகளையெல்லாம் அங்கே ஏற்றிவைத்திருந்ததால் கட்டினேன். முதல் நாளே புதுப்பிக்கும் விலையைத் தேடிப் படியுங்கள். அப்புறம் அப்டேட். கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகின்களில் பழைய ஒன்றை அப்படியே விட்டுவைத்தால் அந்த வழியாகத்தான் பெரும்பாலும் தாக்குதல் வரும். வாரம் ஒருமுறை பேக்கப், மாதம் ஒருமுறை தேவையில்லாத பிளகினை நீக்குவது என்று ஒரு பழக்கம் வேண்டும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக அது தருவது நிறைய. செய்முறைக்கென்றே பிளகின்கள் இருக்கின்றன. நாலு பேருக்கான அளவைப் பத்துப் பேருக்கு மாற்ற ஒரு பொத்தான், கூகுள் தேடலில் படமும் சமைக்கும் நேரமும் தெரியும்படி பின்னால் சேர்க்கும் குறிப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். வூகாமர்ஸ் என்ற கடைப் பிளகினைப் போட்டால் அங்கேயே கடை. வேர்ட்பிரஸ்.காம் என்ற பெயரில் இருக்கும் இலவசச் சேவை வேறு, அதில் உங்கள் ஆட்சென்ஸை வைக்க முடியாது. தொழிலாகச் செய்ய அந்த இலவசத் திட்டம் வேண்டாம்.

இரண்டில் எதை எடுத்தாலும் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று சொந்த டொமைன், அதாவது உங்களுக்கென்றே ஒரு இணைய முகவரி. வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். பிளாகரிலேயே அதைக் கூடுதல் கட்டணமில்லாமல் இணைக்கலாம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012 இல் கூகுள் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட்.காம் முகவரியிலிருந்து பிளாக்ஸ்பாட்.இன் முகவரிக்குத் திருப்பியது. மக்கள் அந்த முகவரியைத்தான் நகலெடுத்துப் பகிர்ந்தார்கள், மற்ற பக்கங்களில் இணைப்பாகக் கொடுத்தார்கள். 2020 இல் பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரே கூகுளின் கையை விட்டுப் போனது. அந்த முகவரியில் கொடுத்த இணைப்புகள் எல்லாம் வேலை செய்யாமல் போயின. பதிவு இருக்கிறது, அதற்கு வரும் வழி இல்லை. பதிவை எழுதியவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அடுத்த வருடமே, 2021 ஜூலையில், புதுப் பதிவுகளை வாசகருக்கு அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் சேவையின் மின்னஞ்சல் சந்தாவும் நின்றது. வாசகர் பட்டியலை முன்பே இறக்கி வைத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

சொந்த டொமைன் இருந்தால் பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறும்போது பழைய முகவரிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கூகுளில் பிடித்த இடமும் பெரும்பாலும் போகாது. பிளாக்ஸ்பாட் பெயரிலேயே ஐந்து வருடம் எழுதிவிட்டு மாறுவது கிட்டத்தட்டப் புதிதாகத் தொடங்குவதுதான்.

யூடியூப்

தம்பி, அதாவது சித்தியின் மகன், சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழில் சாப்பாடு என்றால் கூட்டம் இருப்பது அங்கேதான். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2018 இல் தொடங்கி, 2021 இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது, அதுவும் தமிழில் முதல் சேனலாக. 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால் விளம்பர வருமானம் கிடைக்கும், நீள வீடியோக்களில் 55 சதவீதம் நமக்கு.

ஆனால் அதற்கு வெளிச்சம் வேண்டும், சத்தமில்லாத அடுப்படி வேண்டும், எடிட்டிங் வேண்டும். கேமரா முன் பேச சித்திக்கு விருப்பமில்லை, கேட்டதும் முகம் மாறிவிட்டது. அதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், எழுத்துக்கு ஒரு வசதி உண்டு. உப்பின் அளவை ஒரு தேக்கரண்டி கூடுதலாக எழுதிவிட்டால் அன்றைக்கே திருத்தலாம். வெளியிட்ட வீடியோவில் பேசியதைத் திருத்த முடியாது, கீழே ஒரு குறிப்புப் போடலாம், அவ்வளவுதான். அடுப்பில் எண்ணெய் காயும்போது 'எத்தனை மிளகாய்?' என்று பார்ப்பவருக்கு வீடியோவை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க நேரமில்லை. பதிவில் அது ஒரு வரி.

இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஆர்டர் வாங்க நல்லவை. ஆனால் போன வருடம் போட்ட குறிப்பை இந்த வருடம் ஒருவர் தேடி எடுப்பது கடினம். மின்னஞ்சல் இதழ் நடத்தும் தளமான சப்ஸ்டாக்கில் கட்டணச் சந்தா வைக்கலாமே என்று கேட்கிறார்கள். அதற்கு இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்தில் கணக்கு வேண்டும், இந்தியாவில் அதைப் பெறுவது எளிதில்லை. அதனால் நான் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

எழுத்துப் பக்கமும் ஒரு கஷ்டம் வந்திருக்கிறது. 'கறிவேப்பிலைப் பொடி செய்வது எப்படி' என்று தேடினால் கூகுளே பல நேரம் மேலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது. எல்லோரும் எழுதும் செய்முறையை நாமும் எழுதினால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். சித்திக்குத் தெரிந்தது வேறு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் விருதுநகர் சம்பா வத்தலுக்கும் பொடியில் என்ன வித்தியாசம் வரும், மழைக்காலத்தில் இலையை எத்தனை நாள் நிழலில் காயவைக்க வேண்டும், உளுந்து சிவக்கும்போது எந்த வாசனையில் இறக்க வேண்டும். இதை எழுதினால் படிக்க ஆள் வரும், பொடி கேட்கவும் ஆள் வரும்.

அதனால் அவருக்கு நான் சொன்னது இதுதான்: சொந்த டொமைனோடு பிளாகர். விளம்பரம் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு பதிவின் கீழும் பொடி வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் கேட்க ஒரு எண், பணத்துக்கு யு.பி.ஐ. வீட்டு எண்ணைப் போடாமல் இதற்கென்று தனி சிம். மாதம் ஐம்பது பாக்கெட் தொடர்ந்து போகத் தொடங்கிய பிறகு வேர்ட்பிரஸுக்கு மாறலாம், அப்போது வாடகையைப் பொடியே கட்டிவிடும். யூடியூப்புக்குத் தம்பி விரும்பினால் அம்மாவின் கையை மட்டும் காட்டி ஒரு நிமிட வீடியோ எடுக்கட்டும்.

டொமைன் பெயர் பதிவாகிவிட்டது. முதல் பதிவு கறிவேப்பிலைப் பொடி. இருபது வருடமாக எல்லாம் ஆழாக்குக் கணக்கு. ஒரு ஆழாக்கு 168 மில்லி என்று சொன்னேன். "அதில்லம்மா, உளுந்துக்கு ஒரு எடை வருது, மிளகாய்க்கு ஒரு எடை வருது, வாசகருக்கு எதைச் சொல்றது?" என்று கேட்டார். சமையலறைத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறார். இந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.