அப்பத்தாவின் தாலாட்டும் கல்யாண மேளமும்: எம்பி3யா, ஏஏசியா, ஓபஸா?

கானாடுகாத்தான் வீட்டு வளவில் அப்பத்தா பாடிய தாலாட்டையும் தங்கச்சி கல்யாணத்து மேளத்தையும் ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தேன். மொத்தம் 30 நிமிடம். நொடிக்கு 44,100 மாதிரி (அதாவது ஒலியை அத்தனை முறை அளந்த அளவுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல் என்று சிடி தரத்தில் 317 எம்பி வந்தது. சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு அனுப்பச் சுருக்கியே ஆக வேண்டும்.

எம்பி3, ஏஏசி, ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறைகள் மூன்றும் காதை ஏமாற்றித்தான் பிழைக்கின்றன. தவில் ஓங்கி விழும்போது பந்தியில் யார் முணுமுணுத்தாலும் கேட்காதல்லவா? பலத்த ஒலி தன்னை ஒட்டிய அதிர்வெண்களில் இருக்கும் மெல்லிய ஒலியை மறைத்துவிடும். அந்த மறைவிடத்தில் துல்லியத்தைக் குறைத்து பிட்டை மிச்சம் பிடிக்கிறார்கள். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 ஆயிரம் பிட்) எம்பி3 என்றால் 29 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது.

எம்பி3 தடுமாறியது தவிலில். ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்குவதால், துல்லியம் குறைந்த பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவும். தவிலடி ஒரு துண்டின் கடைசியில் விழுந்தால், அதற்கு முன்னிருந்த அமைதியில் ஒரு ‘ஸ்ஸ்’ முளைக்கும். அடிக்குப் பிந்திய இரைச்சலைக் காது கொஞ்ச நேரம் மன்னிக்கும்; முந்தியதைச் சில மில்லிநொடிதான். 1997இல் தரநிலையாக வந்த ஏஏசி இங்கேதான் ஜெயிக்கிறது. துண்டு சின்னதானால் ‘ஸ்ஸ்’ஸும் குறுகும். எம்பி3யின் சின்னத் துண்டு 192 மாதிரி, ஏஏசிக்கு 128. இழுத்து வாசிக்கும் நாகசுரத்துக்குப் பெரிய துண்டு வேண்டும். அதில் எம்பி3க்கு 576, ஏஏசிக்கு 1024. இரண்டு பக்கமும் ஏஏசி கைதான் மேலே.

தாலாட்டு சுலபம் என்று நினைத்தேன். தனிக்குரல்தான் கஷ்டமாம்: பிழை ஒளிந்துகொள்ள வேறு வாத்தியமே இல்லை. எம்பி3யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், பக்கவாத்தியம் இல்லாமல் ஒரு பெண் பாடிய பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் தன் முறையைத் திருத்தினார். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் பட்டு மெல்லத் தேயும் அப்பத்தாவின் எதிரொலி, எம்பி3யில் எனக்குக் கரகரத்தது. 2012இல் வந்த ஓபஸ் 96 கேபிபிஎஸ்ஸிலேயே, அதாவது 22 எம்பிக்குள், நன்றாக இருந்தது. உச்ச அதிர்வெண்கள் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் எனக்குக் கவலையில்லை. வயது ஏறினால் காது முதலில் விடுவதே அதைத்தான்.

ஃபிளாக் என்ற சுருக்க முறை வேறு சாதி. காதின் பலவீனத்தை நம்பாது, ஒரு பிட்டும் இழக்காது. அதனால் பாதிக்குப் பாதிதான் சுருங்கும். மூலப் பிரதியை அதில்தான் வைத்திருக்கிறேன். எம்பி3யிலிருந்து ஏஏசி, அதிலிருந்து ஓபஸ் என்று மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும்; போனது திரும்பாது.

சித்தப்பாவுக்கு ஓபஸ் போயிற்று. தங்கச்சியிடம் ஐபோன், அதனால் ஏஏசி. மாமாவின் பழைய காரில் எம்பி3 மட்டும்தான் பாடும், அவருக்கு 192 கேபிபிஎஸ்ஸில் ஒன்று பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கார் சத்தத்தில் அந்த ‘ஸ்ஸ்’ கேட்கவா போகிறது?