கல்லீரல் வடு: ஜீனைக் கொடுப்பதா, அடக்குவதா, திருத்துவதா?

கல்லீரலில் வடு விழுவதை ஜீன் வழியாகத் தடுக்க மூன்று விதமான முயற்சிகள் நடக்கின்றன. வைரஸில் ஏற்றிப் புது ஜீனைக் கொடுப்பது ஒன்று, எஸ்ஐஆர்என்ஏ (சிறு ஆர்என்ஏ துண்டு) ஊசியால் கெடுதல் செய்யும் ஜீனை அடக்குவது இன்னொன்று, தப்பான எழுத்தையே டிஎன்ஏவில் திருத்திவிடுவது மூன்றாவது. இன்றைய நிலையில் என் ஓட்டு எஸ்ஐஆர்என்ஏவுக்குத்தான்.

வைரஸ் வழியில் எனக்கு நம்பிக்கை குறைவு. இதற்கு வழக்கமாகப் பயன்படும் ஏஏவி என்ற சிறு வைரஸ் கொண்டுபோகும் ஜீன் பெரும்பாலும் குரோமோசோமோடு ஒட்டாமல் தனியாகவே கிடக்கும், அதனால் செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும். அடிபட்ட கல்லீரலோ தன்னைச் சரிசெய்துகொள்ளச் செல்களைப் பிரித்துக்கொண்டே இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. 2020-ல் ஒரு பிறவித் தசை நோய்க்காக அதிக அளவு ஏஏவி செலுத்தப்பட்ட குழந்தைகளில் மூன்று பேர் இறந்தார்கள், அவர்களுக்கு ஏற்கனவே கல்லீரல், பித்தக் கோளாறு இருந்தது. வடு முற்றியவரிடம் இதே முறையை எந்தத் தைரியத்தில் கொண்டுபோவது? 2016-ல் சான் பிரான்சிஸ்கோவில் எலிகளின் வடு செல்களையே ஏஏவி மூலம் கல்லீரல் செல்லாக மாற்றிக் காட்டினார்கள், அருமையான வேலை, ஆனால் அது எலியில்.

அடுத்து எஸ்ஐஆர்என்ஏ. கறாராகப் பார்த்தால் இது ஜீனைத் தொடுவதே இல்லை, புரதம் செய்ய அது அனுப்பும் செய்தியை மட்டும் அழிக்கிறது, ஊசியை நிறுத்தினால் விளைவும் மெல்லக் குறையும். நோயுற்ற கல்லீரலுக்கு இதுதான் பெரிய பலம் என்பேன். மருந்து எந்த செல்லுக்குள் போகிறது என்பதில்தான் சிக்கல். வடுவுக்கான கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைக் கொட்டுபவை ஸ்டெல்லேட் செல்கள், சாதாரணமாக அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பவை. அதனால் ஜப்பானில் சப்போரோ குழு மருந்துத் துகளில் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து அனுப்பியது, 2008-ல் எலிகளில் சிரோசிஸே (முற்றிய வடு) குறைந்தது. மனிதர்களிடம், ஹெபடைட்டிஸ் சி குணமாகியும் வடு மீந்திருந்தவர்களிடம் பார்த்தபோது அந்த அளவுக்குத் துலங்கவில்லை. வைரஸ் போனபின் வடு தானாகவும் கொஞ்சம் கரையும் என்பதால் மருந்தின் பங்கைப் பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம்.

உண்மையில் நம்பிக்கை தருவது வடுவை விட்டு அதன் காரணத்தைப் பிடித்த ஃபாசிர்சிரான் என்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்துதான். ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாட்டில் மடிப்புத் தவறிய புரதம் கல்லீரல் செல்லிலேயே தேங்கும். 2022-ல் வெளியான சிறிய ஆய்வில் இந்த மருந்து அந்தத் தேக்கத்தை ஏறக்குறைய 83% குறைத்தது, 15 பேரில் 7 பேருக்கு வடு பின்வாங்கியது, இரண்டு பேருக்குக் கூடியது. பிளாசிபோ (போலி மருந்து) குழு இல்லாத ஆய்வு, அதனால் ரொம்பத் துள்ளக் கூடாது. ஆனால் இதில் ஒரு குறை உண்டு: நுரையீரலைக் காப்பதும் இந்தப் புரதம்தான், அதை அடக்கிவிட்டால் நுரையீரலுக்கு எதுவும் கிடைக்காது.

அங்கேதான் எழுத்துத் திருத்தம் முந்துகிறது. பீம் நிறுவனத்தின் பீம்-302 மருந்து இந்தக் குறைபாட்டுக்குக் காரணமான ஒற்றை டிஎன்ஏ எழுத்தைச் சரிசெய்ய, சரியான புரதம் ரத்தத்தில் வந்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். நுரையீரலும் பாதிக்கப்பட்டவருக்கு இதைத்தான் எதிர்பார்ப்பேன். ஆனால் திருத்தியதைத் திரும்பப் பெற முடியாது, வடு கரைகிறதா என்று தெரியப் பல வருடம் ஆகும்.

சரி, கொழுப்புக் கல்லீரல்காரர்களுக்கு? எச்எஸ்டி17பி13 ஜீன் பிறவியிலேயே செயலிழந்தவர்களுக்குக் கல்லீரல் நோய் குறைவு என்று 2018-ல் தெரிந்தது, அதை அடக்கும் ஊசிகள் சோதனையில் இருக்கின்றன. அவை போட்டிபோட வேண்டியது வேறு ஜீன் சிகிச்சையோடு அல்ல, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கொழுப்புக் கல்லீரல் வடுவுக்கு அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் மாத்திரையோடு.