கயானா மழைக்காட்டுப் பயணம்: பணம் கட்டிய பிறகு எங்களுக்குத் தெரியவந்தவை

கயானாவின் தென்பகுதியில் உள்ள ரூபுனூனி புல்வெளியின் ஓரத்தில், மகுஷி பழங்குடியினரின் கிராமம் ஒன்றின் விடுதிக்கு நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது, அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி எங்கள் வவுச்சரை இரண்டு முறை படித்துவிட்டு, தம்முடைய முன்பதிவு நோட்டை எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஜூன் மாதத்தின் அந்த வாரப் பக்கம் வெறுமையாக இருந்தது. பின்னோக்கிப் புரட்டியபோது, மார்ச் மாதப் பக்கம் ஒன்றில் எங்கள் முகவரின் பெயரும் 'இருவர், மூன்று இரவு, பணம் வரவில்லை' என்ற குறிப்பும் பென்சிலால் எழுதப்பட்டு, அவற்றின்மேல் நீளமாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அந்த மூன்று இரவுகளுக்கும் சேர்த்து முழுப் பணத்தையும் நாங்கள் பிப்ரவரியிலேயே கட்டியிருந்தோம்.

தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் கயானாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 85 விழுக்காடு காடு. மக்கள்தொகை சுமார் எட்டு லட்சம்தான். அவர்களிலும் பெரும்பாலோர் கடற்கரையை ஒட்டியே வாழ்கிறார்கள். காட்டுயிர் பார்க்க விரும்புகிறவர்களை இழுப்பது இதுதான். ஏமாற்ற நினைப்பவர்களுக்கு வசதியாக இருப்பதும் இதுதான், ஏனென்றால் உட்பகுதியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க நமக்குத் தெரிந்தவர் யாரும் அங்கே இருப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் நடத்தும் மாரியம்மன் கோயில்கள் அங்கே இன்றும் உண்டு. தலைநகர் ஜார்ஜ்டவுனில் இருப்பதாகச் சொன்ன அந்த முகவர், தம் பாட்டி ஒரு 'மதராசி' என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குப் பிறகு நான் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியைக் கேட்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பது நாள் பயணத்துக்கு ஆளுக்கு 3,400 அமெரிக்க டாலர் என்று ஒரே தொகையாகச் சொன்னார். கையெட்டூர் அருவிக்குச் சிறு விமானம், அன்னாய் ஓடுதளம் வரை உள்நாட்டு விமானம், கிராம விடுதியில் மூன்று இரவு, இவோக்ரமா காட்டில் இரண்டு இரவு, மீதி நாட்கள் தலைநகரில் என்று திட்டம் அழகாகவே இருந்தது. எந்த விடுதி, எந்த விமான நிறுவனம் என்று கேட்டதற்கு, 'உங்களுக்காகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்போம்' என்று பதில் வந்தது. பணத்தைக் கிரெடிட் கார்டில் வாங்க மறுத்து, வேறொரு நாட்டில் இருக்கும் தனிநபர் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பச் சொன்னார். திட்டத்தின் முகப்பில் ஆற்றங்கரை மணலில் படுத்திருக்கும் ஒரு ஜாகுவாரின் படம் இருந்தது. இருபது ஆண்டுகளாகப் பறவை பார்த்துவரும் அக்கா அதைக் கண்டதுமே, "தம்பி, இது பிரேசில்ல பாந்தனால் பக்கம் எடுத்த படம் மாதிரி இருக்குடா, அடர்ந்த காட்டுல இவ்வளவு வெட்டவெளியில எங்கடா அது வந்து படுக்கும்?" என்றார். ஒரு படத்துக்காகவா சந்தேகப்படுவது என்று நான்தான் அவரை அடக்கினேன்.

மாதத்தைப் பற்றிச் சொன்னதும் பொய். கயானாவின் கடற்கரைக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ரூபுனூனிக்கு ஒன்றுதான், அது மே முதல் ஆகஸ்ட் வரை. ஆக, ஜூன் என்பது இரண்டு இடங்களிலும் ஒருசேர மழை கொட்டும் மாதம். முகவரோ, 'ஜூனில் மாலையில் மட்டும் சிறு தூறல் இருக்கும், காடு பசுமையாக இருக்கும்' என்று எழுதினார். காடு பசுமையாக இருந்தது என்னவோ உண்மைதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேட்டபோது, அது தேவையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கயானா அந்நோய் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்புகிறவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதையும் அக்காதான் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார்.

கையெட்டூர் நாளன்று ஓகல் விமான நிலையத்தில் காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தோம். போட்டாரோ ஆறு 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் அந்த அருவியைப் பார்ப்பதற்காகவே அக்கா இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். பதினொரு மணிக்கு முகவரின் ஆள் வந்து, மேலே மூடுபனி, விமானம் ரத்து என்றார். அருவிப் பக்கம் மூடுபனி இறங்குவது வழக்கம் என்பதால் நானும் நம்பிவிட்டேன். அக்கா மட்டும் கவுண்டருக்குப் போய் விசாரித்தார். அன்றைய விமானம் ரத்தானது போதுமான பேர் சேராததால்தான் என்றும், பணம் கட்டியிருந்த ஐந்து பேருக்கும் வேறு நாள் கொடுத்தாகிவிட்டது என்றும், அந்த ஐவரில் எங்கள் பெயர்கள் இல்லை என்றும் அங்கிருந்த பெண் பட்டியலைக் காட்டிச் சொன்னார். இந்தச் சிறு விமானங்கள் குறைந்தபட்ச எண்ணிக்கை சேர்ந்தால்தான் கிளம்பும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த நடைமுறை. அதை எங்களிடம் முன்பே சொல்லியிருந்தால், கையில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டிருப்போம்.

அன்னாய் விமானமும் அப்படியே ஆயிற்று. 'இயந்திரக் கோளாறு' என்று சொல்லி, லெத்தம் செல்லும் பொது மினிபஸ்ஸில் எங்களை மாலையில் ஏற்றிவிட்டார்கள். லிண்டன் வரை நல்ல சாலை. அதற்கப்பால் போகப்போகச் செம்மண், அதிலும் ஜூன் மாதத்துச் செம்மண். நள்ளிரவுக்குப் பிறகு ஓரிடத்தில் பின்சக்கரங்கள் அச்சு வரை புதைந்தபோது, ஓட்டுநர் காலணிகளைக் கழற்றி இருக்கைக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, கயிற்றோடு சேற்றில் இறங்கினார். பயணிகள் எல்லோரும் தள்ளினோம். குருப்புகாரியில் எஸ்ஸெகிபோ ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகு இரவில் ஓடாது. கரையிலிருந்த கொட்டகையில் வலைத்தொட்டில் கட்டி இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து, விடிந்ததும் முதல் படகில் அக்கரை சேர்ந்தோம். ஓட்டுநர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நாங்கள் விமானத்துக்குப் பணம் கட்டியவர்கள் என்றே அவருக்குத் தெரியாது.

அந்த நிலையில்தான் நான் முதலில் சொன்ன நோட்டு எங்கள் முன்னே விரிந்தது. சிக்கல் பணத்தோடு நிற்கவில்லை. கயானாவின் பழங்குடியினருக்கான 2006-ஆம் ஆண்டின் அமெரிந்தியர் சட்டப்படி, வெளியார் ஒருவர் இத்தகைய பழங்குடிக் கிராமத்துக்குள் வர அந்தக் கிராம மன்றத்தின் அனுமதி வேண்டும். விருந்தினருக்கு அதை வாங்கித் தர வேண்டிய முகவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பதால், நாங்கள் அனுமதியில்லாமல் ஊருக்குள் நுழைந்தவர்களாக நின்றுகொண்டிருந்தோம். அந்தப் பெண்மணி டோஷாவ் எனப்படும் ஊர்த் தலைவருக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து, எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அங்கேயே அனுமதி தந்தார். மூன்று இரவுக்கான கட்டணத்தை மறுபடியும் ரொக்கமாகக் கட்டினோம். அங்கே ஏடிஎம் கிடையாது. அக்கா தம் தொலைநோக்கியின் உறைக்குள் மடித்து வைத்திருந்த அமெரிக்க டாலர்கள் இல்லாவிட்டால், அன்றிரவு எங்கே படுத்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

காட்டின்மீதோ அந்த ஊர்க்காரர்கள்மீதோ பழி போட எனக்கு மனமில்லை. கிராமத்து வழிகாட்டி ஒருவர் எங்களை இவோக்ரமாவின் மரமுகட்டு நடைபாலத்துக்கு விடியலில் அழைத்துப் போனார். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட, சுமார் 3,71,000 ஹெக்டேர் பரப்புள்ள காடு அது. தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்தில் நின்றபடி, பிஹா என்ற சாம்பல் நிறப் பறவை காடே அதிரக் கத்துவதை ஒரு மணி நேரம் கேட்டோம். ஒரு முறைகூட அதைக் கண்ணால் பார்க்கவில்லை. மழைக்காடு என்பது பெரும்பாலும் காதால் பார்க்க வேண்டிய இடம். நான்கு நாளில் ஜாகுவார் உறுதி என்று எழுதித் தருகிற முகவர் காட்டுக்குள் கால் வைத்தவராக இருக்க முடியாது.

திரும்பி வந்ததும் வங்கியைக் கேட்டேன். கணக்குக்கு நேரடியாக அனுப்பிய தொகையைப் பெற்றவர் சம்மதமில்லாமல் திரும்பப் பெற வழியில்லை என்றார்கள். கார்டில் கட்டியிருந்தால் முறையிட்டிருக்கலாம். கயானாவில் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு உரிமம் வழங்கும் சுற்றுலா ஆணையத்தின் பட்டியலையும் அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எங்கள் முகவரின் பெயர் அதில் இல்லை. விமான நிறுவனம், விடுதி, காட்டு நிலையம் ஆகிய மூன்றுக்கும் பயணத்துக்கு முன் நானே ஒரு வரி மின்னஞ்சல் எழுதி, எங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்டிருந்தால், மார்ச் மாதத்திலேயே எல்லாம் வெளியே வந்திருக்கும். வரும் பிப்ரவரிக்காக அதே கிராம விடுதிக்கு அக்கா நேரடியாக எழுதியபோது, இரவுக்கு இவ்வளவு கயானா டாலர், வழிகாட்டிக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது.

முகவர் இப்போது வேறொரு நிறுவனப் பெயரில் அதே ஒன்பது நாள் திட்டத்தை விற்றுக்கொண்டிருக்கிறார். விலையை ஆளுக்கு 200 டாலர் ஏற்றியிருக்கிறார். முகப்பில் மணலில் படுத்திருக்கும் அதே ஜாகுவார். பாட்டி மதராசி என்ற வரியும் அப்படியே இருக்கிறது.