பழைய டர்போ கார் வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவை அவினாசி சாலைப் பக்கம் ஒரு பழைய கார் ஷோரூமில் 2013 மாடல் டர்போ பெட்ரோல் செடான் வாங்கினேன். இப்போது அதன் எஞ்சின் பிரித்த நிலையில் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. தயாரித்த கம்பெனி மேல் எனக்குப் புகார் இல்லை. அதனால் அந்தப் பெயர் இங்கே வேண்டாம். குறை இருப்பது தெரிந்தும் மூடி மறைத்து விற்றார்களே, அவர்கள் மேல்தான் கோபம். எப்படி மறைத்தார்கள் என்று விவரமாகவே சொல்கிறேன். இதே வேலையை அடுத்தவரிடமும் காட்டுவார்கள்.

காலையில் வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. "வாட்டர் வாஷ் பண்ணி இப்பத்தான் சார் எடுத்துட்டு வந்தோம்" என்றார் விற்பனையாளர். ஓட்டிப் பார்த்தபோது சத்தம் இல்லை, புகை இல்லை, டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன. இன்னொரு பார்ட்டி மதியம் வருகிறார் என்று அவசரப்படுத்தி டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்கள்.

சில வாரங்களில், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் ஒட்டவே இல்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக் கசிவும் கிடையாது. அத்தனையும் எரிந்து போயிருக்கிறது. ஷோரூமுக்குப் போன் செய்தால், "டர்போ வண்டின்னா கொஞ்சம் ஆயில் குடிக்கும் சார், அது நார்மல்தான்." அப்புறம் என் போனையே எடுக்கவில்லை.

பிரித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன் எல்லாவற்றையும் காட்டினார். பிஸ்டனில் ஆயில் வழியும் துளைகள் கரி பிடித்து அடைத்திருந்தன, ரிங்குகள் (ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் வளையங்கள்) இறுகிப்போயிருந்தன. 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில் போக வேண்டிய எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றியிருந்தார்கள். கெட்டி ஆயில் கொஞ்ச நாளைக்கு எரிவதைக் குறைக்கும், டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் சங்கிலி) சத்தத்தையும் அமுக்கிவிடும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அது தேய்ந்திருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு மூன்று நொடிகளில் கடகடவென்று கேட்கும். அதற்குள் அழுத்தம் ஏறிச் சத்தம் நின்றுவிடும். எனக்காக எஞ்சினைச் சூடாக்கி வைத்ததன் காரணம் இதுதான். அந்தச் செயின் சில பற்கள் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், எஞ்சின் போச்சு.

முந்தைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எஞ்சின் வேலைக்கான எஸ்டிமேட்டை ஷோரூமிடமே கொடுத்ததாகவும், அதைக் கழித்துக்கொண்டுதான் அவர்கள் விலை பேசியதாகவும் சொன்னார். இதைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது.

இப்படிப்பட்ட குறைகள் ரகசியம் ஒன்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 இரண்டாம் தலைமுறை எஞ்சின் (ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஆடி ஏ4 ஆகியவற்றின் 1.8, 2.0 லிட்டர் வகைகள்) ஆயில் எரிப்பதற்கும் டென்ஷனர் பழுதுக்கும் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. பிஎம்டபிள்யூவின் என்20 எஞ்சினில், 328ஐ போன்ற கார்களில் வந்ததே அதில், செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நொறுங்கும். துண்டுகள் ஆயில் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) விழுந்து உறிஞ்சு குழாயை அடைக்கும். சில பழைய போர்ஷே 911, பாக்ஸ்டர் மாடல்களை வாங்குபவர்கள் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இடைத் தண்டைத் தாங்கும் பேரிங்) மாற்றிய பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். அந்த மாடலுக்கே உரிய அந்த ஒரு வேலை முடிந்ததற்கான பில் இருக்கிறதா? சர்வீஸ் முத்திரை அதற்கு ஈடாகாது.

எஞ்சின் சில்லென்று இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள், மறுநாள் போங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் உங்கள் மெக்கானிக்கைக் கூடவே கூட்டிப் போங்கள். எரர் கோடை (காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுதுக் குறியீட்டை) அழித்துவிட்டு விற்றால், அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பெரும்பாலான கார்கள் ஸ்கேனரில் காட்டும். ஐம்பது நூறு என்று வந்தால் என்ன கோடு இருந்தது, ஏன் அழித்தீர்கள் என்று கேளுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று அளப்பது) மட்டும் போதாது. ஆயில் படிந்த ரிங் அதில் நன்றாகவே தேறிவிடும். லீக் டவுன் டெஸ்டும் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது), ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பதும் வேண்டும். இதற்குச் சம்மதிக்காத ஷோரூமில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எஞ்சின் வேலைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். "உள்ளது உள்ளபடி" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைத்தான் ஷோரூம் தூக்கிக் காட்டுகிறது. தெரிந்த குறையை மறைத்தவர்களுக்கு அந்தத் தாள் கேடயமாகிவிடக் கூடாது என்பது என் வாதம். விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், மெக்கானிக்கின் எழுத்துப்பூர்வ அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அதே ஷோரூமில் ஏமாந்தவர் வேறு யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். என் புகாரின் நகலைத் தருகிறேன்.