தேங்காய் ஓட்டுக் காயமும் மூன்று போத்தல்களும்: அயோடினா, குளோர்ஹெக்சிடினா, மஞ்சள் மருந்தா?

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கில் ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பினால் வழியெல்லாம் தேங்காய் உடையும். வெறுங்காலோடு பின்னால் நடப்பவர்களின் பாதத்தில் ஓட்டுச் சில்லு ஏறுவது வருடா வருடம் நடப்பதுதான். எங்கள் தண்ணீர்ப் பந்தலில் முதலுதவி மேசை என் பொறுப்பு. அதில் மூன்று போத்தல் வைத்திருந்தோம்: மஞ்சள் மருந்து, பழுப்பு நிற அயோடின், இளஞ்சிவப்பு குளோர்ஹெக்சிடின். ஓர் அக்கா குதிகாலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெட்டு, உள்ளே தேங்காய் நார் ஒட்டியிருந்தது. "அயோடின் வேணாம் தம்பி, எரியும். மஞ்சளே போடு" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவர் சின்ன வயதில் போட்டுக்கொண்டது டிங்சர் அயோடின். ஆல்கஹாலில் கரைத்தது, புண்ணில் பட்டால் உயிர் போகும். இப்போது நாம் வைத்திருப்பது போவிடோன்-அயோடின். 1955இல் அமெரிக்காவில் ஷெலான்ஸ்கி என்ற பெயருள்ள இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கியது. அயோடினை ஒரு பாலிமர், அதாவது நீளச் சங்கிலி போன்ற மூலக்கூறு, கட்டி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால் அந்தப் பழைய எரிச்சல் இதில் இல்லை.

மஞ்சள் மருந்தைப் பற்றி, அதாவது அக்ரிஃபிளேவினைப் பற்றி, நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. 1912இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்கின் ஆய்வுக்கூடத்தில் தூக்க நோய்க் கிருமிக்காகத் தேடியபோது கிடைத்தது. முதல் உலகப் போரில் காயங்களுக்குப் போனது. நம் வீட்டு அலமாரிகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். மற்ற இரண்டும் கைக்கெட்டும்போது இதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். குளோர்ஹெக்சிடின் 1950களில் பிரிட்டனில் வந்தது. பாக்டீரியாவின் சவ்வைக் கிழிக்கும். தோலில் பல மணி நேரம் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடரும். அயோடினுக்கு அந்த நிலைப்பு இல்லை. இரத்தமும் சீழும் அயோடினைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதும் உண்மை. 2010இல் 849 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தொற்று குளோர்ஹெக்சிடின் பக்கம் 9.5 சதவீதம், அயோடின் பக்கம் 16.1 சதவீதம். அதன் பிறகு பலரும் அயோடினைப் பழைய காலத்து மருந்து என்றே பேச ஆரம்பித்தார்கள்.

எனக்கு அந்த முடிவில் பெரிய மனக்குறை உண்டு. அங்கே குளோர்ஹெக்சிடினோடு ஆல்கஹால் சேர்ந்திருந்தது, அயோடின் வெறும் தண்ணீர்க் கரைசல். ஒருவர் சைக்கிளில், ஒருவர் நடந்து ஓடிய பந்தயம் அது. இரண்டுக்கும் ஆல்கஹால் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் 2024இல் வந்தன. சுவிட்சர்லாந்தில் இதய, வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,360 பேரிடம் தொற்று அயோடின் பக்கம் 5.1, மற்றதில் 5.5 சதவீதம், ஏறக்குறைய சமம். எலும்பு முறிவு அறுவை சிகிச்சைகளில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், தோல் கிழியாத முறிவுகளுக்கு தொற்று அயோடின் பக்கம் 2.4, குளோர்ஹெக்சிடின் பக்கம் 3.3 சதவீதம். அங்கே அயோடின்தான் முந்தியது.

ஆனால் நான் அயோடின் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இந்த எண்கள் இல்லை. தோலில் வாழும் சில ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் குளோர்ஹெக்சிடினை உள்ளிருந்து வெளியே தள்ளும் பம்ப்பைக் கற்றுக்கொண்டுவிட்டன. அதற்கான மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்கும் போகும். அயோடின் புரதம், கொழுப்பு என ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிப்பதால், இத்தனை காலப் புழக்கத்துக்குப் பிறகும் அதற்கு எதிர்ப்பு பெரிதாக வளரவில்லை. ஆண்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும் காலத்தில் இது சின்ன விஷயமா?

அதற்காக அயோடின் போத்தலுக்குள் எதுவும் உயிர் வாழாது என்று நினைக்க வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போவிடோன்-அயோடின் போத்தலுக்குள்ளேயே ஒரு சூடோமோனாஸ் கிருமி உயிரோடு இருந்து, நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையில் கலந்து, தொற்று இருப்பதுபோல் பொய்யாகக் காட்டியது. அதை ஆராயும்போதுதான் ஒரு விநோதம் தெளிவானது: 10 சதவீதக் கரைசலை நீர்த்தால், பாலிமரின் பிடியிலிருந்து விடுபட்ட அயோடின் கூடுகிறது, கிருமி இன்னும் வேகமாகச் சாகிறது. வீட்டில் நீர்த்துப் பார்க்காதீர்கள். மொத்த இருப்பு குறைவதால் சீழில் உடனே தீர்ந்துவிடும்.

வைரஸ் என்று வந்தால் அயோடினின் கை இன்னும் ஓங்கும். கொரோனா காலத்தில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், போவிடோன்-அயோடின் வாய் கொப்பளிப்பு நீர் 15 விநாடியில் அந்த வைரஸை வீழ்த்தியது. சோதனைக் குழாய்க்குள் நடந்தது தொண்டைக்குள்ளும் நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது, சரி. சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதியில் 3,037 பேரிடம் பார்த்தபோது, தொண்டையில் அயோடின் அடித்துக்கொண்டவர்களில் 46 சதவீதமும், ஒப்பிடுவதற்காக வைட்டமின் சி எடுத்தவர்களில் 70 சதவீதமும் தொற்றுக்கு ஆளானார்கள். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

அக்காவின் காலைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நாரை எடுத்துவிட்டு, பழுப்பு மருந்தைத் தொட்டு வைத்தேன். இரண்டு நிமிடம் காயட்டும், துடைக்காதீர்கள் என்றேன். எரியவில்லையே என்று ஆச்சரியப்பட்டவர், அப்புறம் ஒன்று கேட்டார்: பத்து நாள் பேரனின் தொப்புளுக்கும் இதையே போடலாமா? கூடாது அக்கா, என்றேன். பிஞ்சுத் தோல் அயோடினை உறிஞ்சும், தைராய்டு மந்தமாகிவிடும். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குத் தொப்புளைச் சுத்தமாகக் காய வைத்தாலே போதும். பச்சிளங்குழந்தைகள் அதிகம் இறக்கும் ஊர்களில் வீட்டுப் பிரசவம் என்றால் உலக சுகாதார நிறுவனம் முன்பு பரிந்துரைத்தது குளோர்ஹெக்சிடின்தான்.