மை பாதிக்குக் கீழே இறங்கினால் சொட்டும் பேனா

பர்மாவின் மலை ஊரான தவுஞ்சியில் இருக்கும் தம்பி ஒருவர் நேற்று கேட்டார்: "அண்ணே, உங்க எபோனைட் பேனா, அதான் அந்தக் கெட்டி ரப்பர் பேனா, விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" நேற்று காலையில்தான் அது கோவில் நோட்டில் சொட்டு விட்டிருந்தது. அன்னதானக் கணக்கில் 'அரிசி' என்று எழுதி முடிக்கிறேன், 'ரி'யின் மேல் மிளகளவு நீலச் சொட்டு உருண்டு நிற்கிறது. ஒற்றி எடுப்பதற்குள் அடுத்த தாளுக்கும் ஊறிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

சென்னையில் வாங்கி ரங்கூனுக்குக் கொண்டுவந்து ஆறு வருடம் ஆகிறது. கழுத்தைத் திருகி, உடம்புக்குள் நேராக மை ஊற்றுகிற வகை. மூன்று மில்லி பிடிக்கும்.

எழுத்தில் குறையே சொல்ல மாட்டேன். நிப்பின் பிளவு நுனியை நெருங்க நெருங்கக் குறுகுகிறது. இடம் குறுகக் குறுக மையை இழுக்கும் பலம் கூடும், அதனால் அழுத்தவே வேண்டாம், காகிதத்தைத் தொட்டால் போதும். 'ழ' எழுதிப் பாருங்கள். சுழி முடிகிற இடத்தில் மை கொஞ்சம் தேங்கி, ஈரமாக மினுங்கி, அப்புறம் அடங்கும். மழைக்காலத்தில் எழுத்தின் ஓரம் கசிந்தால் அது ஈரம் குடித்த காகிதத்தின் குற்றம், பேனாவுடையது அல்ல.

தொல்லை உள்ளே இருக்கும் காற்றால் வருகிறது. மை வெளியே வரவும் காற்று உள்ளே போகவும் நிப்புக்கு அடியில் இருக்கும் ஒரே கட்டையில் வழி செய்து 1884-ல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கினார். அந்த வழியாகப் போன காற்று மை குறையக் குறைய உள்ளே சேருகிறது. பேனாவில் மை ஒரு மில்லி மிச்சம் என்றால் காற்று இரண்டு மில்லி. மேசையில் 27 டிகிரியில் கிடந்ததைக் கையில் பிடித்து எழுத எழுத, உள்ளங்கைச் சூட்டில் அது 35-ஐத் தொடலாம். காற்று 0.05 மில்லி விரியும். அந்த அளவு மையை வெளியே தள்ளும், அது ஒரு சொட்டு! கட்டையில் சீப்புப் பல் போல வெட்டுகள் நிறைய இருந்தால் அந்த மிகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் பேனாவில் நாலே நாலு வெட்டு. போன வருடம் கட்டையை மாற்றித் தந்தார்கள், அதிலும் நாலுதான். ஆறு வருடமாக இதைக் கவனிக்காமல் விற்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

உங்கள் ஊர் 1,400 மீட்டர் உயரம் தம்பி. அங்கே காற்றழுத்தம் ரங்கூனைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு, அதனால் பேனாவுக்குள் இருக்கும் காற்று விரியும். அரைகுறை மையோடு சட்டைப் பையில் படுக்கையாகக் கிடந்தால் மலை ஏறும்போது ஆறேழு சொட்டு மூடிக்குள் வந்துவிடும்.

இவ்வளவு சுகமாக எழுதும் பேனா என்னிடம் வேறு கிடையாது. ஆனாலும் வாங்காதீர்கள். மாதம் இரண்டு தடவை பஸ் ஏறுகிறவருக்கு இது ஆகாது, விலை பாதியானாலும் ஆகாது. ஏற்கெனவே வாங்கிவிட்டால், கிளம்புமுன் கழுத்து வரை மை ஊற்றுங்கள், நிப்பு மேலே பார்க்க நிறுத்திக் கொண்டுபோங்கள்.